ஏனாத்தூர் ஜப்பான் கடையில் ஒரு துளித் தண்ணீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாக யோசித்தேன். பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். நான் படித்தது எட்டாவது வரைதான், அது ஒரு காரணம். பெரிய காரணம், இது என் சொந்த விஷயம் இல்லை. என் நண்பர் சௌந்தரராஜ சாமி கயாவில் செய்துகொண்ட சங்கல்பத்தைப் பற்றியது. அடுத்தவர் விரதத்தைத் தெருவில் வைக்க நாம் யார்? ஆனால் போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் நடந்ததற்குப் பிறகு அவரே, "எழுதிடுய்யா முருகேசா" என்று சொல்லிவிட்டார். காமாட்சி அம்மனையும் வரதராஜப் பெருமாளையும் வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

முதலில் எங்கள் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் முசரவாக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் வைக்கிற குடும்பம். சாமி சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பாவுக்குப் பிண்டம் போட நான் கயாவுக்குப் போனபோது, ரயிலில் எதிர் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தவறிப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கயாவில் ஒரு வழக்கம் உண்டு. காரியம் முடிந்ததும், நமக்குப் பிடித்த ஒரு பொருளை "இனி தொடமாட்டேன்" என்று தண்ணீர் வார்த்துத் துறந்துவிட வேண்டும். அங்கே ஓடுகிற ஆறும் நம் பாலாறு போலத்தான், மேலே மணல், தோண்டினால் தண்ணீர். அந்த மணலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். நான் பாகற்காயை விட்டேன். சாமி இனிப்பை விட்டார்.

"பிடிக்காததை விட்டுட்டுப் புண்ணியம் கேக்கற ஒரே ஆள் நீதான்யா" என்று திரும்பி வரும்போது ரயில் முழுக்கக் கேலி செய்தார். அவரோ லட்டு என்றால் உயிரை விடுகிறவர். அன்றிலிருந்து இன்றுவரை அவர் வாயில் ஒரு கல்கண்டுகூடப் போனதில்லை.

சாமிக்கு ஒரே பெண், மைதிலி. ஜப்பான் மொழி படித்து, கம்பெனி வேலையாக ஜப்பானிலேயே நாலு வருடம் இருந்தவள். அவள் தங்கியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு மிட்டாய்க் கடை. அந்தக் கடைக்கார அம்மாவிடம் கைவேலை கற்றுக்கொண்டு, உத்தியோகத்தை விட்டு இங்கே வந்து ஏனாத்தூர் சாலையில் ஒரு சின்னக் கடை போட்டாள். நெடுஞ்சாலைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற ஜப்பான்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் பட்டுக்கும் நம் ஊருக்கு வருகிறார்கள் இல்லையா, அவர்களை நம்பி. பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள். கடை திறந்து ஒரு வருடம் ஆகியும் சாமி அந்தப் படி ஏறவில்லை.

ஒருநாள் மைதிலி எனக்குப் போன் செய்தாள். "மாமா, அப்பாவ ஒரு தரம் கூட்டிண்டு வாங்கோ. சாப்பிட வேண்டாம். வந்து உக்காந்தா போதும்." குரல் ஒரு மாதிரி இருந்தது. சரிம்மா என்றேன்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணிக்கு முசரவாக்கத்தில் பஸ் ஏறினேன், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து சின்ன காஞ்சிபுரம் போனேன். பெருமாளைச் சேவித்துவிட்டு சாமி வீட்டுக்குப் போனால், மந்தாரை இலையில் வைத்து இரண்டு துண்டு கோயில் இட்லி கொடுத்தார். மிளகும் சுக்கும் தொண்டையில் இறங்குகிற நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"சாமி, இன்னிக்கு ஏனாத்தூர் போய்ட்டு, சாயந்திரம் அப்படியே பாலாத்துக் கரை ஓரிக்கை மண்டபத்துல உக்காந்துட்டு வரலாம்."

சாமி விசிறியைக் கீழே வைத்தார். "அவ பண்ணினத அவ எதிர்ல வேண்டாம்னு சொல்ல என்னால முடியாதுய்யா. போகாம இருந்துட்டா, சொல்ல வேண்டியதில்ல பாரு."

"நீ வரலன்னா அவளும் கேக்காம இருப்பாளா சாமி? மனசுல கேட்டுக்கினேதான் இருக்கும் அந்தப் பொண்ணு."

துண்டை எடுத்துத் தோளில் போட்டார். நானும் எழுந்தேன்.

பத்து மணிக்கு ஆட்டோ. ஐந்து கிலோமீட்டர், நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு ஒத்துக்கொண்டார் டிரைவர். இடம் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"ஜப்பான் கடைக்கா? இன்னா பெரியவரே, பச்ச மீனு துன்றவங்க அவங்க. மிட்டாய்ல இன்னா போட்டுக்கிறாங்களோ!"

"கடை என் பொண்ணோடதுப்பா" என்றார் சாமி.

டிரைவர் ஹார்னை ஒரு தரம் அடித்தார். பிறகு, "நல்லா சுத்தமா வெச்சிருக்காங்கன்னு சொல்லிக்கிறாங்க சார்" என்றார். நான் வெளியே பார்த்துச் சிரிப்பை அடக்கினேன்.

கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு முன்னறை, நாலு மேசை, வாசலில் மாக்கோலம், நீலத்தில் ஒரு அரைத் திரை. உள்ளே நம் வீட்டு நெய் வாசனை கொஞ்சமும் இல்லை. அரிசி வேகிற வாசனை மட்டும். ஒரு மேசையில் நடுவயது ஜப்பான்கார அம்மாவும் அவர் கணவரும் பட்டுப்புடவைப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

மைதிலி அப்பாவைப் பார்த்ததும் கையில் இருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். "வாங்கோ மாமா. வாப்பா. வெயில்ல வந்திருக்க, மொதல்ல உக்காரு." சாமி சுவரையும் கூரையையும் பார்த்து, "காத்து நன்னா வரது" என்றார். ஒரு வருடத்தில் கடையைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

அவர் கை கால் கழுவப் பின்பக்கம் போனபோது அவள் என் பக்கம் குனிந்து சொன்னாள்: "மாமா, நான் வேலைய விட்டுட்டு இனிப்பு பண்ணக் கத்துக்கறேன்னு சொன்ன மாசம்தான் அப்பா கயாவுக்குப் போனா. ஆயிரம் பொருள் இருக்கு, இனிப்பை ஏன் விடணும்? அம்மா போறச்சே நான் இங்க இல்ல. அந்தக் கோவம். என் கையால பண்றது ஒண்ணும் வாயில படக்கூடாதுன்னுதான்."

"அப்படி இருக்காது பாப்பா. வாய விட்டு ஒருதரம் கேட்டுரு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது, அந்தக் கடைக்குப் போகாதவர்களுக்காகப் பலகாரங்களைச் சொல்கிறேன். முதலில் வந்தது இளஞ்சிவப்பில் ஒரு உருண்டை, ஒன்று தொண்ணூறு ரூபாய். மேலே ஒரு இலை சுற்றியிருந்தது. நான் இலையை மரியாதையாகப் பிரித்து, மடித்து, ஓரம் வைத்துவிட்டு உருண்டையைக் கடித்தேன். அந்த ஜப்பான்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தன் உருண்டையை இலையோடு கடித்துக் காட்டினார்.

"இலையையும் சேர்த்துத் திங்கணும் மாமா. உப்புல ஊறப்போட்ட இலை" என்றாள் மைதிலி.

"எலைய ஆடுதாம்மா துன்னும்!"

"பாகற்காயை விட்டவனுக்குப் பகவான் இலை அனுப்பியிருக்கார், தின்னுய்யா" என்றார் சாமி.

தின்றேன். இலையின் உப்பும் உள்ளே இருந்த பயறுப் பூரணத்தின் தித்திப்பும் சேர்ந்தபோது காரடையான் நோன்பு அடை ஞாபகம் வந்தது. மேல்மாவு மட்டும் இழுக்க இழுக்க வந்தது. கட்டுப்பல் வைத்தவர்கள் நிதானமாகக் கடிக்கவும். எனக்கு ஒரு நிமிடம் பயமாகிவிட்டது. அடுத்து அல்வா போலக் கறுப்பாக ஒரு வில்லை, நெய்யே இல்லை, ஆனால் வழுக்கிக்கொண்டு போனது. நான் சாப்பிட்ட நேரமெல்லாம் சாமி தெருவைப் பார்த்துக்கொண்டு, செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அது வந்தது. கறுப்புத் தட்டில், உள்ளங்கை அளவு, ஒரே ஒரு தண்ணீர்த் துளி. பாத்திரம் இல்லை, மூடி இல்லை. தண்ணீர் தானாகவே உருண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கிற ஜன்னல் அதற்குள் தலைகீழாகத் தெரிகிறது. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் வெல்லப்பாகு, இன்னொன்றில் வறுத்த மாவு.

நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"என்னய்யா பண்றே?"

"ஸ்படிக லிங்கம் சாமி! இத போய் கரண்டியால வெட்டுவாங்களா?"

"உனக்கு எதப் பார்த்தாலும் லிங்கம்" என்று சிரித்தார். ஆனால் அவரும் நாற்காலியை இழுத்துக் கிட்டே வந்துவிட்டார்.

"அரை மணிக்குள்ள சாப்பிடணும் மாமா, இல்லேன்னா கரைஞ்சு போயிடும்" என்றாள் மைதிலி. "தண்ணியும் கடற்பாசியும்தான். நோன்புக்கு நம்ம ஊர் பாய் ஆத்துல எல்லாம் பண்ணுவாளே, அதே பாசி. இதுல சக்கரையே கிடையாது. தித்திப்பு எல்லாம் பாகுலதான்."

சாமி நிமிர்ந்தார். "இதுல கிடையாதா?"

"ஒரு சிட்டிகைகூட இல்லப்பா."

 துளியின் அடியில் மெல்லிசாக ஈரம் பரவ ஆரம்பித்தது. அதைப் பார்த்தபடியே மைதிலி கேட்டுவிட்டாள்.

"ஏம்ப்பா, விடறதுக்கு உனக்கு வேற ஒண்ணுமே கிடைக்கலையா? என்மேல அவ்வளவு கோவமா?"

சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அசடே. கோவமா? உங்கம்மா எது பண்ணினாலும் பெருமாளுக்குக் காட்டிட்டு முதல் துண்டை என் கையில வைப்பா. நாப்பது வருஷம். அவ போனப்புறம் ஒருத்தர் ஆத்துல லட்டு குடுத்தா, கைய நீட்டினேன், வாய் திறக்கல. அதனால விட்டேன். உன்ன நெனச்சு இல்லடி. உன்ன நெனச்சிருந்தா விட்டிருக்கவே மாட்டேன்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜப்பான்கார அம்மாவுக்குப் பாஷை புரியாது. ஆனாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

பிறகு சாமி என்னிடம் திரும்பினார். "முருகேசா, அன்னிக்கு நீதான் பக்கத்துல நின்னே. ஜலத்த விட்டு நான் என்ன சொன்னேன்?"

 சாட்சி தப்பாகச் சொன்னால் பாவம் எனக்கும் சேர்த்துத்தான். கண்ணை மூடி அந்த மணலை நினைத்துப் பார்த்தேன். "நாக்குல தித்திக்கிறது எதையும் தொடமாட்டேன்னு சொன்ன சாமி. வேற ஒண்ணும் சொல்லல."

"இது தித்திக்கறதா?"

"நான் துன்னுட்டுச் சொல்றேன்."

அவரையே ருசி பார்த்துச் சொல்லச் சொல்ல முடியாது, நாக்கில் பட்டால் பட்டதுதான். என் எச்சிலை அவருக்குக் கொடுக்கவும் முடியாது. அதனால் என் தட்டில் இருந்ததை, பாகு தொடாமல், மாவு தொடாமல், நானே சாப்பிட்டேன். லிங்கத்திடம் மனதில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கரண்டியை வைத்தேன். வாயில் போட்டதும் உடைந்து தண்ணீராகப் போனது. நான் கிணற்றுத் தண்ணீர், ஏரித் தண்ணீர், போர்த் தண்ணீர் எல்லாம் குடித்து வளர்ந்தவன். ருசி பார்த்தேன், விழுங்கினேன், நாக்கை மறுபடி சப்பிப் பார்த்தேன்.

"தித்திப்பு இல்ல சாமி. அம்மன் மேல ஆணையா சொல்றேன். குளுந்த தண்ணி."

மைதிலி உள்ளே ஓடினாள். அச்சிலிருந்து இன்னொரு துளியைக் கவிழ்த்து எடுத்து வந்தாள். கிண்ணங்களைக் கொண்டுவரவில்லை. ஓடிவந்த வேகத்தில் தட்டில் அந்தத் துளி நடுங்கியது. சாமி கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டு, ஒரு கரண்டி எடுத்தார். அப்புறம் இன்னொன்று.  கடைசியில் தட்டில் கரைந்து நின்றதைத் தீர்த்தம் போல இரண்டு கையாலும் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள் அவள்.

சாமி காலித் தட்டை அவளிடம் நீட்டினார். "இன்னொண்ணு இருக்கா?"

மாலை ஐந்து மணிக்கு ஓரிக்கையில் மணிமண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம். பாலாறு மணலாகக் கிடந்தது. நான் என்றைக்கும் இந்த ஊரைத் தாண்டி ஒரு அதிசயமும் இல்லை என்று நினைக்கிறவன். ஜப்பானில் எந்த ஊரிலோ ஒரு கடைக்கார அம்மா, தண்ணீரையே பலகாரமாக்கித் தட்டில் வைக்கலாம் என்று இந்தப் பெண்ணுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். நாங்கள் சர்க்கரைப் பொங்கலில் நெய் ஒழுகினால்தான் நைவேத்தியம் என்போம். அவர்களுக்கும் தெய்வம் இருக்கிறது, கைப்பக்குவம் மட்டும் வேறு. இருட்டுகிற நேரம் எழுந்து கிளம்பும்போது சாமி கேட்டார், "அடுத்த ஞாயித்துக்கிழமை உனக்கு என்ன வேலை?"

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவர் ஏனாத்தூர் போகிறார். இதுதான் ஊரில் கதை ஆகிவிட்டது. போன மாதக் கல்யாணப் பந்தியில் ஜாங்கிரி வரும்போது வழக்கம்போலக் கையால் இலையை மறைத்தார். எதிர் வரிசையில் ஒருவர் உரக்க, "கயாவுல விட்டத ஏனாத்தூர்ல திங்கறீராமே சுவாமி, இதுக்கு மட்டும் என்ன விரதம்?" என்றார். பந்தியே சிரித்தது. சாமியும் சிரித்தார். ஆனால் மோர்ச் சாதம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். துளியில் தேன் கலந்திருந்தது என்கிறார்கள், பாகை ஊற்றிக் குடித்தார் என்கிறார்கள், பெண்ணுக்காகப் பெருமாளையே விட்டார் என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டார்.

பக்கத்தில் இருந்தவன் நான். கயாவிலும் நான், ஏனாத்தூரிலும் நான். படிக்கிற நீங்கள் நாலு பேரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் ஒரு பிச்சையாகக் கேட்கிறேன்: அன்று அந்தப் பெண் துளியைக் கொண்டுவந்த மாதிரியே இதையும் கொண்டுபோய்க் கொடுங்கள். பாகு ஊற்றாதீர்கள்.