வலி நின்றுபோன புண்

இன்று காலை அடி அண்ணாமலையில் மணத்தக்காளிக் கீரை வாங்கப் போனேன். உள்கன்னத்தில் ஒரு புண். கிரிவலம் நடந்த சூடு என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

வாய்ப்புண்ணுக்குக் காரணமா இல்லை? தூக்கம் கெட்டால் வரும், சத்துக் குறைந்தால் வரும், கூரான பல் உரசினாலும் வரும். எனக்குச் சூடுதான் பிடித்திருந்தது.

"இன்னுமா ஆறல சார்? ரெண்டு பௌர்ணமி போயிடுச்சே" என்றார் கீரைக்கார அம்மா.

"ஆறலம்மா. ஆனா வலி சுத்தமா நின்னுடுச்சு" என்றேன், பாதி குணமானவன் போல.

கீரைக்கட்டை எடுத்த அவர் கை அப்படியே நின்றது. "வாயைத் திறங்க சார்."

வெயிலில், ரோட்டோரத்தில் நின்று திறந்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரும் வலி போயிடுச்சுன்னுதான் சொன்னாரு. நானும் கடைசி வரைக்கும் கீரையே ஆக்கிப் போட்டேன்."

கட்டைத் திரும்பக் கூடைக்குள் வைத்தார். "உங்களுக்குக் கீரை இல்ல சார். டாக்டர்கிட்ட போங்க."

கூடை நிறையக் கீரை இருந்தது.

ஷேர் ஆட்டோவில் வரும்போது நாக்கால் அந்த இடத்தைத் தொட்டேன். நாக்குக்குத் தெரிந்தது. கன்னத்துக்குத் தெரியவில்லை.

செருப்புக் கடித்த புண்கூடப் பத்து நாளில் ஆறிவிடும். இந்த உதாரணத்தை இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை, பாருங்கள்.

ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர்.

உங்களில் யாரெல்லாம் 'சூடுதான்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். திட்ட மாட்டேன்.