வாத்தியார் வீட்டு ஓட்டைப் பிரித்த நாள்

அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, நான் கூட்டி வந்த கொத்தனார், குடியிருந்த வாத்தியார், அவர் சம்சாரம், தொட்டிலில் அவர்களுடைய மூன்று மாதக் குழந்தை. இடம் பாளையங்கோட்டை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டோ பதின்மூன்றோ, ஆடி மாசம், ஒரு சனிக்கிழமை காலை.

ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு. மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கினேன். ஒன்றில் நாங்கள், மற்றதில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் தரும் இரண்டு ரூபாய் வாடகையில்தான் வட்டி கட்ட வேண்டும். மூன்று மாசமாக அது வரவில்லை, பிரசவச் செலவு. நகை மூழ்கிவிடுமோ என்று எனக்குத் தூக்கமே போயிற்று.

நேரே கேட்டிருக்கலாம். ஆனால் நான் நாலாம் வகுப்போடு நின்றவன். வாத்தியாரைப் பார்த்தாலே பிரம்பு ஞாபகம் வந்து வாய் அடைத்துவிடும். வாடகை தராதவரைக் கிளப்ப, மராமத்து என்று சொல்லி ஓட்டைப் பிரித்துப் போட்டுவிடுவது அப்போது சிலர் செய்கிற காரியம். நானும் அதற்குத் துணிந்தேன்.

“ஓட்டப் பிரிச்சா உள்ள வெயிலுதான் வரும், வாடகையா வரும்?” என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

கொத்தனார் நாலு வரிசை பிரித்திருப்பார். வாத்தியார் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, நாங்க வாடகையே குடுக்கல. நீங்க மழைக்கு முந்தி ஓடு மாத்துதீயளே! சும்மா நிக்கதுக்கு மனசு வரல, நானும் ஏறுதேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியே விட்டார். என் திட்டம் தெரிந்த கொத்தனார் மேலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். “நம்ம மொதலாளிக்கு அம்புட்டு நல்ல மனசு, சார்வாள்” என்றார். கூனிக் குறுகிப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் வாத்தியாரின் குரல் மாறியது. “பிள்ளைய வெளிய தூக்கு! அண்ணாச்சி, நீங்களும் வீட்டுக்குள்ள போகாதீய!”

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஓடுகிற உத்திரம், நடுச்சுவருக்குள் புதைந்திருந்த இடத்தில் கரையான் தின்று வெறும் தோலாக நின்றது. அவர் விரலால் அழுத்த, மண்ணாக உதிர்ந்தது. அதற்கு இந்தப் பக்கம் என் கட்டில், அந்தப் பக்கம் தொட்டில்.

கொத்தனார் அவசரமாக முட்டுக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை. “பிரிச்சதுனால தெரிஞ்சுது. ஐப்பசி மழையில ஊறியிருந்தா ரெண்டு வீடும் சேந்து உக்காந்திருக்கும் வே.”

வாத்தியாரின் சம்சாரம் குழந்தையை அணைத்தபடி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கிளப்பத்தான் ஓட்டைப் பிரித்தேன் என்ற உண்மையைச் சொல்லாமல், நானும் பதிலுக்குக் கும்பிட்டுவைத்தேன்.

புது உத்திரம் வாங்க என்னிடம் காசு இல்லை. வாத்தியார்தான் கொற்கைப் பக்கம் இருந்த தம் மாமனாருக்கு எழுதி, வைரம் பாய்ந்த பனை உத்திரம் ஒன்றை மாட்டு வண்டியில் வரவழைத்தார். வண்டிக்கூலியோடு பதினொரு ரூபாய்; அதை மாமனாரிடம் தம் கடனாக ஏற்றுக்கொண்டார். பாக்கி வாடகை ஆறைக் கழித்துக்கொண்டோம். “மிச்சத்த, நகைய மீட்டுட்டுப் பைய தாங்க அண்ணாச்சி” என்றார். நகைச் சங்கதி பெண்கள் பேச்சில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த மாசத்திலிருந்து வாடகையும் முதல் தேதிக்கு வந்துவிட்டது.

நகை மீண்டது. அதற்குள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நான் அனுப்பிய மணியார்டர், ஆள் அங்கே இல்லை என்று திரும்பி வந்தது.

வீடு இன்றும் உறுதியாக நிற்கிறது. யார் குடிவந்தாலும் வாடகையை இப்போது வாய் திறந்து கேட்கிறேன், ஆடி பிறந்ததும் ஏணி வைத்து ஏறி உத்திரத்தைத் தட்டிப் பார்க்கிறேன். அதன் கீழே கவலையில்லாமல் படுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வது ஒன்றுதான்: அந்த நல்ல மனிதருக்கு நான் தர வேண்டியது இன்னும் ஓர் உண்மையும் ஐந்து ரூபாயும்.