மாப்பிள்ளையைக் கட்டிவைத்த மரம்

ஐஸ் ஃபேக்டரியில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு ஐஸ்கட்டி என்று பட்டப்பெயர் வைக்க யாருக்கும் பெரிதாக மூளை செலவாகவில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெயர் வேலையால் வந்ததல்ல, குணத்தால் வந்தது. உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுக்கும்போது எவனாவது அவன் காலில் தள்ளிவிட்டால்கூட, "பரவால்லப்பா, பார்த்து இழு" என்பான். முதலாளி திட்டினால் தலையாட்டுவான். பக்கத்து வீட்டுக்காரன் சுவரை அரை அடி தள்ளிக் கட்டினால், "அவருக்கும் இடம் வேணும்ல" என்பான். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருப்பான் என்று அவன் பெண்டாட்டியே சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவன்தான் தங்கை புருஷனை மரத்தோடு சேர்த்துக் கட்டி, முகம் வீங்க அடித்தான். ஊரே நம்பவில்லை. நானும்தான்.

தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் பாப்பா. தையல் கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் தைப்பவள். புருஷன் சொந்தமாக ஒரு சரக்கு வேன் வைத்து ஓட்டுகிறான். நல்ல உழைப்பாளி, வாய்ஜாலக்காரன், வெளியே நாலு பேருக்கு நல்லவன். வீட்டுக்குள் கை நீட்டுவான். கை வலித்தால் இடுப்பு பெல்ட்டை உருவுவான். போன மாதம் அவள் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். "மாடிப்படியில விழுந்துட்டேண்ணே" என்றாள். அவர்கள் குடியிருப்பது தரைவீடு. ஐஸ்கட்டிக்கு அது தெரியாதா? தெரியும். "பார்த்து நடம்மா" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டான்.

பொண்ணைக் கொடுத்தவன் குனிந்துதான் போக வேண்டும், மாப்பிள்ளை முகம் சுளித்தால் பொண்ணு வாழ்க்கை போச்சு என்று அவன் அப்பா சொல்லிவிட்டுச் செத்துப்போனார். பெரிய வேதவாக்கு! அதை இவன் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

மலைக்கு அந்தப் பக்கம் மூடிப்போன ஒரு ஃபேக்டரியில் பழைய கம்ப்ரஸர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதைக் கொண்டுவர முதலாளி இவனை அனுப்பினார். வேன் மாப்பிள்ளையுடையது. புறப்படும்போது பெண்டாட்டி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போற வழியில கேட்டுடுங்க. ஏன்டா என் தங்கச்சி மேல கை வைக்கிறேன்னு மூஞ்சிக்கு நேரா கேளுங்க. கேக்காம வீட்டுப் பக்கம் வராதீங்க."

"கேக்குறேன் கேக்குறேன்."

கேட்டான் பாருங்கள் லட்சணத்தை! முதல் வளைவில், "மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தான்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல. ஹாரன் நல்லா இருக்கு."

அடுத்த வளைவில் டயர் நன்றாக இருந்தது. அதற்கடுத்ததில் சீட் கவர். மலை உச்சி வந்தபோது வேனில் புகழ ஒரு பாகமும் பாக்கியில்லை. மாப்பிள்ளை விசில் அடித்துக்கொண்டு ஓட்டினான்.

மதியம் மழை பிடித்தது. ஒரு திருப்பத்தில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. வண்டியைப் பின்னால் எடுத்தபோது பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை.

"வண்டியிலயே இருந்துடுவோம் மாப்பிள்ளை" என்றான் ஐஸ்கட்டி. "மண்ணு அள்ள எப்படியும் ஆள் வருவாங்க. காட்டுக்குள்ள போயிட்டா நாம கண்ணுல படமாட்டோம். வண்டி படும்."

"எனக்கே நீ ரோடு சொல்லித் தர்றியா? வரும்போது கீழ ஒரு தகரக் கூரை பார்த்தேன். குறுக்கால இறங்கினா பொடி நடை. உனக்குப் பயமா இருந்தா இங்கயே குந்திக்க."

மாப்பிள்ளை முறுக்கு! காட்டுக்குத் தெரியுமா இவன் மாப்பிள்ளை என்று? ஐஸ்கட்டி அப்போதே சட்டையைப் பிடித்து வண்டிக்குள் தள்ளியிருக்க வேண்டும். தனியாக விட்டால் பாப்பா வீட்டில் என்ன பேசுவார்களோ என்று பயந்து, பின்னாலேயே இறங்கினான். காய்ந்த இடத்தையும் கதவையும் கூரையையும் விட்டுவிட்டு, மரியாதைக்காக நனையப் போன முட்டாளை என்ன சொல்வது?

தகரக் கூரை எதுவும் வரவில்லை. பைன் மரமும் பனியும்தான். இறங்கினார்கள், ஏறினார்கள், மறுபடி இறங்கினார்கள். ஏற்கெனவே தாண்டி வந்த ஒரு விழுந்த மரத்தின் முன்னாலேயே திரும்ப வந்து நின்றார்கள். துணி உடம்போடு ஒட்டியது. காற்று வேறு. இரண்டு பேருக்கும் பல் கிட்டியது. மாப்பிள்ளை இடுப்பிலிருந்து பிராந்தி பாட்டிலை எடுத்தான்.

"வேணாம் மாப்பிள்ளை. குடிச்சா சூடேறுற மாதிரிதான் இருக்கும். உள்ள இருக்கிற சூடு வெளிய ஓடிடும். எங்க கோல்ட் ஸ்டோரேஜுல..."

பளார் என்று விழுந்தது ஓர் அறை. யோசித்து அடித்ததல்ல. குறுக்கே பேசியவரை அடித்துப் பழகிய கை, அதன் பாட்டுக்கு வந்து விழுந்தது. ஐஸ்கட்டி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பாட்டிலைப் பிடித்தான். மாப்பிள்ளை அவன் வயிற்றில் உதைத்துப் பிடுங்கினான். இழுபறியில் பாட்டில் பாறையில் மோதி உடைந்தது. கழுத்தோடு உடைந்த மிச்சத்தை மாப்பிள்ளை வீசிய வீச்சில் ஐஸ்கட்டியின் முழங்கைக்குக் கீழே சதை பிளந்தது. ரத்தம் விரல் வழியாகச் சொட்டியது. அவன் கைக்குட்டையைப் பல்லால் இறுக்கிக் கட்டிக்கொண்டான். அப்போதும் வாயிலிருந்து வந்தது, "வாங்க மாப்பிள்ளை, எங்கயாவது ஒதுங்கலாம்" என்பதுதான்.

பொழுது சாயும் நேரத்தில் மாப்பிள்ளையின் பேச்சு குழறியது. சமதரையிலேயே தடுக்கி விழுந்தான். அதுவரை வெடவெடவென்று நடுங்கிய உடம்பு திடீரென்று நடுக்கத்தை நிறுத்தியது. பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

"வேகுதுடா... உடம்பெல்லாம் எரியுது."

இது என்னவென்று ஐஸ்கட்டிக்குத் தெரியும். ஒரு தடவை கோல்ட் ஸ்டோரேஜ் கதவு வெளியே பூட்டிக்கொண்டு ஒரு லோடுமேன் உள்ளே மாட்டிக்கொண்டான். திறந்தபோது சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் செத்துக் கிடந்தான். குளிர் முற்றினால் மூளை கெட்டு, எரிகிற மாதிரி இருக்குமாம். மாப்பிள்ளை சட்டையை வீசி எறிந்துவிட்டு, சரிவின் விளிம்பை நோக்கித் தள்ளாடிப் போனான். கீழே கிடுகிடு பள்ளம். தண்ணீர் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மாப்பிள்ளை, வேணாம்! நில்லுங்க!" என்று முன்னால் போய் மறித்தான். மறுபடி ஓர் அறை.

"வேணாமா? உன் தங்கச்சியும் இப்படித்தான்டா. வேணாம் வேணாம்னு கத்துவா" என்று இளித்தான் மாப்பிள்ளை. "அப்புறம் அடங்கிடுவா."

ஐஸ்கட்டி அடித்தான். ஐஸ் பார் இழுத்த கை. மூக்கில் விழுந்த முதல் குத்திலேயே மாப்பிள்ளை மல்லாந்தான். எழுந்து தொண்டையைப் பிடித்தான். இருவரும் சேற்றில் உருண்டார்கள், கடித்தார்கள், பிறாண்டினார்கள். விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது ஐஸ்கட்டி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து, முழங்காலால் நெஞ்சில் அழுத்தி, காலைப் பிடித்துத் தரதரவென்று ஒரு சாய்ந்த பாறையடிக்கு இழுத்துப் போனான். பாறையை ஒட்டி ஒரு மரம் நின்றது. மாப்பிள்ளையின் இடுப்பு பெல்ட்டையே உருவி, அவன் இரண்டு கையையும் மரத்தோடு சேர்த்துக் கட்டினான்.

மாப்பிள்ளையின் தலை தொங்கியது. தூங்கவிட்டால் செத்துவிடுவான், அடித்து எழுப்ப வேண்டும் என்று ஃபேக்டரியில் பேசிக்கொள்வார்கள். கன்னத்தில் ஓர் அறை விட்டான். கண் திறந்தது. இன்னொன்று விட்டான். அப்புறம் கண் திறந்திருந்தபோதும் விட்டான். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், வாய், காது. அடித்துக்கொண்டே ஏதோ கத்துகிறோம் என்பது அவனுக்கு உறைத்தபோதுதான், என்ன கத்துகிறோம் என்று காதில் விழுந்தது. "பாப்பா, பாப்பா" என்று கத்திக்கொண்டிருந்தான். கை இனித்தது. இன்னும் வேண்டும் போல இருந்தது.

கை அந்தரத்தில் நின்றது. ஐயோ, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு உடம்பு கூசியது.

அதன் பிறகுதான் அவன் செய்ய வேண்டியதைச் செய்தான். கட்டை அவிழ்த்தான். பாறையின் உள்மடிப்பில் மழை படாமல் குவிந்து கிடந்த பைன் சருகை வாரி முழங்கால் உயரத்துக்குத் தரையில் பரப்பினான். ஈரத்தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மாப்பிள்ளை எறிந்த சட்டையை எடுத்து வந்து முறுக்கிப் பிழிந்து அவனுக்கே மாட்டிவிட்டு, இருவர் சட்டைக்குள்ளும் கால்சட்டைக்குள்ளும் சருகைத் திணித்தான். காற்று வரும் பக்கம் கிளைகளை ஒடித்துச் சாய்த்தான். தீப்பெட்டி நனைந்து கூழாகியிருந்தது. கடைசியில், உலகத்திலேயே தனக்கு ஆகாத அந்த மனிதனை நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிப்பிடித்துப் படுத்து, மேலேயும் சருகை இழுத்து மூடிக்கொண்டான். மாப்பிள்ளையின் மூக்கு ரத்தம் அவன் கழுத்தில் வழிந்து காய்ந்தது. ரொம்ப நேரம் கழித்து மாப்பிள்ளைக்கு நடுக்கம் திரும்பி வந்தது. விழுங்கும் அளவுக்குத் தெளிந்ததும் பாக்கெட்டில் இருந்த மிட்டாயை அவன் வாயில் வைத்தான். ஐஸ்கட்டி அழுதான். சந்தோஷமா வெறுப்பா என்று கேட்டால் அவனாலேயே சொல்ல முடியாது.

விடிந்ததும் மண் அள்ளும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. தொண்டை கிழியக் கத்தினான். ஆட்கள் வந்தார்கள். வேன் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நின்றது.

ஆஸ்பத்திரியில் ஐஸ்கட்டியின் கைக்குத் தையல் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. டாக்டரம்மா கேட்டார், "சருகு போட்டு மூடினது, கட்டிப்பிடிச்சுப் படுத்தது, எல்லாம் சரி. அதுலதான் பிழைச்சார். அடிச்சது எதுக்கு?"

"தூங்கக் கூடாதுன்னு..."

"யாருய்யா சொன்னது? அந்தக் குளிர்ல இருக்கிற உடம்பைப் போட்டு உலுக்கினாலே இதயம் நின்னுடும். ஏதோ அவர் நல்ல நேரம்."

ஐஸ்கட்டிக்கு முகம் செத்துவிட்டது. விஷயம் புரியாத ஃபேக்டரிக்காரர்கள் வராந்தாவில் நின்று, "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தார்கள்.

பாப்பா வந்தாள். உள்ளே போய்ப் புருஷனைப் பார்த்தாள். அவன் உடைந்த வாயால் எல்லாவற்றையும் சொன்னான். வெளியே வந்து அண்ணன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மாவுக்கட்டு அழுக்கேறியிருந்தது.

"கட்டுறதுக்கு முன்னாடி அடிச்சியா, கட்டின பிறகாண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். "கட்டின பிறகுதான் நிறைய" என்றான்.

"என்னையும் அப்படித்தான். கையை முறுக்கிப் பிடிச்சுக்குவாரு."

"உனக்காகத்தான் பாப்பா..."

"எனக்கு எதுக்குண்ணே?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அடிக்கிற ஆம்பளை எனக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு. இன்னொருத்தர வச்சு நான் என்ன பண்ண? ஒவ்வொரு தடவை உன் வீட்டுக்கு வந்தப்பவும், இங்கயே இருந்துடு பாப்பான்னு ஒரு வார்த்தை சொல்வியான்னுதான் பார்த்தேன். நீ பஸ் ஏத்திவிட்ட."

அவனை இதுவரை யாரும் இப்படி அடித்ததில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து வார்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏய்! எங்கடி போய்த் தொலைஞ்ச? தண்ணி கொண்டா!"

பாப்பா பழக்கத்தில் எழுந்துவிட்டாள். ஐஸ்கட்டியும் எழுந்தான். அவளுக்கு முன்னால் போய், தண்ணீர் ஊற்றி, கட்டில் பக்கத்து மேசையில் வைத்தான்.

"மாப்பிள்ளை, அவ வரமாட்டா. எங்க வீட்டுக்குப் போறா. இனிமே அங்கதான் இருப்பா."

மாப்பிள்ளை என்னென்னவோ கத்தினான். நர்ஸ் ஓடி வந்தாள். ஐஸ்கட்டி வெளியே வந்து, "வா பாப்பா" என்றான்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். வாய் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டு, வீடு வந்து அண்ணன் எழுப்பும்வரை தூங்கினாள்.