தொடக்கூடாத தளங்கள்

யட்டியாந்தோட்டை பஜார்ல ஒரு கொமியூனிகேஷன் கடையில நான் டைப் அடிச்சிக்கிட்டிருந்தேன். வடக்குல சண்டை கடைசிக் கட்டத்துல இருந்த நேரம். தோட்டத்து ஆளுங்க சிங்களத்துல மனு எழுதணும்னா என்கிட்டதான் வருவாங்க. ரெண்டு பாஷையும் எனக்குத் தண்ணி பட்ட பாடுன்னு ஒரு திமிர் இருந்திச்சு. அந்தத் திமிர் என்ன செஞ்சுச்சுன்னு சொல்லாம எனக்கு மனசு ஆறாது.

எங்க தோட்டத்து லயத்து வீட்டு வரிசையிலயே பொறந்து வளந்த கூட்டாளி ஒருத்தி, தோட்டப் பள்ளிக்கூடத்துல தொண்டர் டீச்சரா இருந்தா. நிரந்தர நியமனத்துக்கு அடுத்த மாசம் நேர்முகம். அவ வீட்டுல ரப்பர் பால் வெட்டப் போகாத மொதப் பொம்பளை அவதான். அந்த நியமனத்த நம்பித்தான் வீடே இருந்திச்சு.

அவ ஒரு பத்திரிகைப் போட்டிக்குக் கட்டுரை எழுதி, டைப் அடிக்க என்கிட்ட எடுத்துக்கிட்டு வந்தா. நாடுங்க கம்ப்யூட்டர் வழியா சண்டை போட்டா எதெது மேல கை வைக்கக் கூடாதுங்கிறது விசயம். லயத்துல ஒழுங்கா கரண்டே இல்ல, உனக்கு உலகத்துச் சண்டை கேக்குதாடின்னு கிண்டல் பண்ணேன். அவ விடல. துப்பாக்கிச் சண்டையிலகூட ஆஸ்பத்திரிய அடிக்கக் கூடாதுன்னு நாடுங்க எழுதி வச்சிருக்கு, கம்ப்யூட்டரால அடிக்கிறதுக்கு அப்படித் தெளிவா ஒண்ணும் இல்லன்னு சொன்னா. மேல இருக்கிற அணைக்கட்டுக் கதவ எவனோ எங்கயோ உக்காந்துக்கிட்டுத் திறந்துவிட்டா, கித்துல்கல ஆத்துல குளிக்கிற சனம் என்னாகும்னு கேட்டா. அதுக்கப்புறம் நான் கிண்டல் பண்ணல.

கட்டுரை ரெண்டு பக்கம். மொதப் பக்கத்துல தலைப்பும், இதுகளத் தொடவே கூடாதுங்கிற பேச்சும். ரெண்டாம் பக்கத்துல பட்டியல்: ஆஸ்பத்திரித் தளம், குடிதண்ணித் தளம், மின்சாரத் தளம், அணைக்கட்டுத் தளம். ஒவ்வொண்ணையும் தாக்கினா என்ன அழியும்னு கீழ ஒரு வரி. மொதப் பக்கத்துல நான் எழுத்துப் பிழை விட்டுட்டேன். நாளைக்குத் திருத்தித் தாறேன்னு அத என் மேசை லாச்சியில வச்சிக்கிட்டேன். அவ ரெண்டாம் பக்கத்த மட்டும் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறினா.

வழியில செக்பொயிண்ட். பையச் சோதிச்சவங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தாளோட சேத்து அவளையும் எறக்கிக் கொண்டு போயிட்டாங்க. அது வெறும் கட்டுரைன்னு அவ சொன்னத நம்பாம, மறுநாள் காலையில ஒரு பொலிஸ் அதிகாரி கடைக்கு வந்து, அந்தத் தாள என் முன்னால வச்சார். நீதான் அடிச்சியான்னு சிங்களத்துல கேட்டார். ஆமான்னேன். என்ன எழுதியிருக்குன்னு சிங்களத்துல சொல்லுன்னார்.

தளம்னு அவ எழுதினது இணையத்தளம். அத அடிச்ச எனக்குத் தெரியாதா? ஆனா அந்த வருசம் ரேடியோவத் திறந்தா தளத்தப் பிடிச்சாங்க, தளத்த அடிச்சாங்க, எல்லாம் படைத்தளம். என் வாயில வந்தது 'கந்தவுர'. சிங்களத்துல முகாம். ஆஸ்பத்திரி முகாமத் தாக்கினா இது அழியும், அணைக்கட்டு முகாமத் தாக்கினா இது அழியும்னு நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கிட்டே போனார். கடைசி வரிக்கு வரும்போதே தப்பா சொல்றேன்னு எனக்கு உறைச்சிருச்சு.

மொதப் பக்கம் என் முழங்காலுக்கு நேரா லாச்சியில கெடந்திச்சு. எடுத்து நீட்டியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். ஆனா அதோட தலைப்புல 'போர்'னு கொட்டை எழுத்துல நானே அடிச்சிருந்தேன். அதையும் சிங்களத்துல சொன்னா என்னையும் ஜீப்புல ஏத்திருவாங்கன்னு பயந்தேன். கேவலமான பயம். இதப் பத்தி வேற ஏதாவது தெரியுமான்னு அவர் கேட்டார்.

"இல்ல சேர், நான் டைப் மட்டுந்தான் அடிச்சேன்."

மூணு நாள் எனக்குச் சோறு எறங்கல. நாலாம் நாள் அந்தப் பக்கத்தத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போய், தப்பா சொல்லிட்டேன்னு அழுதேன். கேஸ் மேல போயிருச்சு, அவ லோயர்கிட்ட குடுன்னுட்டாங்க. குடுத்தேன். அவ வெளிய வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள நேர்முகம் முடிஞ்சு, அவ இடத்துக்கு வேற ஆளப் போட்டாச்சு. தொடக்கூடாதுன்னு அவ எழுதின பட்டியல, தாக்கப் போற பட்டியலா ஆக்கினது என் நாக்கு. என் மேல எனக்கு வந்த ஆத்திரம் இன்னைக்கும் தீரல.

வெளிய வந்த வாரமே அவ கடைக்கு வந்தா. எளைச்சு, கண்ணு உள்ள போயிருந்திச்சு. நான் எந்திரிச்சு உள்ள வாடின்னேன். அவ உக்காரல. கையில தாள் வச்சிருந்தா. அதே கட்டுரை, முழுசா சிங்களத்துல, அவ கையெழுத்துல. இத டைப் பண்ணித் தாங்க மிஸ்னு சிங்களத்துலயே கேட்டா. நெனைவு தெரிஞ்ச நாள்லருந்து என்னைய வாடி போடின்னு பேசினவ.

ஏண்டி என்கிட்ட சிங்களத்துல பேசறேன்னு நான் தமிழ்லதான் கேட்டேன். அதுக்கும் சிங்களத்துலதான் பதில் வந்திச்சு.

"இப்படிப் பேசினா நடுவுல யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்ல."

பட்டியலப் பாத்தேன். தளம் வந்த எடத்துல எல்லாம் 'வெப் அடவிய'ன்னு எழுதி அடியில கோடு போட்டிருந்தா. சிங்களத்துல இணையத்தளம். ஒரு பிழைகூட விடாம ரெண்டு பக்கத்தையும் அடிச்சி, சேத்துப் பின் பண்ணிக் குடுத்தேன். அதுக்கப்புறம் அவ என்கிட்ட தமிழ்ல பேசவே இல்ல.