காணிக்குள் கிடந்த வளையம்

பென்சனுக்குப் பிறகு என்ரை மனிசனுக்குப் பிடிச்ச விசர் களனி ஆறு. வெள்ளவத்தையில கடல் வாசலில கிடக்க, இவர் பஸ் ஏறி மட்டக்குளிக்குப் போய் ஆத்தங்கரையில அலைவார். கிடுகுக் கூரை போட்ட வள்ளங்கள் மலைப்பக்கத்துத் தேயிலையும் பாக்கும் ஏத்திக்கொண்டு அந்த ஆத்தாலதான் கொழும்புக்கு வந்ததாம். திரும்பிப் போகேக்க உப்பும் கருவாடுமாம். சாப்பிடேக்கயும் இதே கதைதான். நான் 'உம்' கொட்டிக்கொண்டு சோறு போடுவன்.

கலியாணம் கட்டின நாள் தொட்டு எங்களுக்கு வாடகை வீடு. சமைக்கச் சொந்தமா ஒரு குசினி வேணும் எண்டதுதான் என்ரை ஒரே ஆசை. மட்டக்குளியில நல்ல காணி ஒண்டு இருக்கெண்டு அவர் சொன்ன உடன என்ரை நகையெல்லாம் கழட்டிக் குடுத்தன். சாத்திரியாரைக் கூட்டிக்கொண்டு போய், வீடு எந்த இடத்தில வரவேணுமெண்டு திசை பார்த்து நிலையமும் எடுத்தம். ஈசான மூலையில ஆறு, லட்சுமி கடாட்சம் எண்டார் அவர். தண்ணி எந்தத் திசையில எண்டு பார்த்தமே ஒழிய, எவ்வளவு கிட்ட எண்டு ஒருத்தரும் பார்க்கயில்லை. நல்ல கெட்டித்தனம்!

அத்திவாரம் வெட்டேக்க மண்வெட்டி 'ணங்' எண்டுது. கருங்கல்லில இறுக்கின பெரிய இரும்பு வளையம், துருப்பிடிச்சுக் கிடந்தது. அவர் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினார். உடன போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில போட்டார். கனடாச் சொந்தக்காரர் இதயமா அனுப்பித் தள்ளினவை.

"இஞ்சருங்கோ, இது என்னத்துக்கு?"

"வள்ளம் கட்ட."

"அப்ப வள்ளம் எங்க நிண்டது?"

குசினிக்கெண்டு கயிறு அடிச்சிருந்த இடத்தைக் காட்டினார்.

ஆறு இஞ்ச வரைக்கும் வந்ததெண்டால் இன்னொருக்கா வராதோ? மழைக்கு அந்தப் பக்கம் வெள்ளம் ஏறுறதை ரிவியில பார்க்கிறனாங்கள்தானே.

"ஐயோ, காணிக்காரன் எங்களை ஏமாத்திப் போட்டானே!"

"இல்லை. எனக்குத் தெரியும்," எண்டார் மெதுவா. "பழைய வள்ளத்துறை எண்டு தெரிஞ்சுதான் வாங்கினனான். வேற ஆரும் வாங்கினால் மண் போட்டு மூடிப்போடுவினம்."

"அப்ப வீடு?"

அவர் குழிக்குள்ள இறங்கி, வளையத்தில இருந்த சேத்தைச் சட்டைப்பை லேஞ்சியால துடைச்சுக்கொண்டிருந்தார். ஒரே பாயில படுத்தெழும்பின மனிசன்!

வேலையாக்களைப் பார்த்துச் சிங்களத்தில போதும் எண்டன். அண்டைக்கே வெள்ளவத்தை வீட்டுக்காரிக்குப் போன் எடுத்து, நாங்கள் இன்னும் கனகாலம் இருப்பம் எண்டு சொன்னன். சொல்லி முடிக்க முதல் அழுது போட்டன்.