மில்லில் சிக்கிய கை

இன்று திருவாரூர் பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் அரிசி மில் தொழிலாளி. கையில் ரத்தம் ஊறிய துண்டு. பக்கத்தில் மில் சூப்பர்வைசர்.

"டாக்டர் கேட்டா, வயல்ல கதிர் அடிக்கிற மிஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு. மில்லுன்னு வாயத் தொறக்காத."

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கலாமே சார்?" என்றேன்.

"அவங்க வந்தா அடிபட்ட எடம் மில்லுன்னு எழுதிருவாங்க தம்பி." சிரித்தார்.

நான் தொழிலாளியிடம் குனிந்தேன். "அண்ணே, மில்லுலதான்னு சொல்லுங்க. நஷ்டஈடு உங்க உரிமை."

அவர் திரும்பவில்லை. "எம் பொண்டாட்டியும் அங்க களத்துல நெல்லு காய வைக்கிறா. ஜோடியாத்தான் வேலைக்கு எடுப்பாங்க, ஜோடியாத்தான் அனுப்புவாங்க. நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டு எறங்கிருவீங்க."

என் நிறுத்தம் வந்தது. இறங்கிவிட்டேன்.

சட்டம் படித்த நண்பர்களே, மனைவி அந்தக் களத்தில் நிற்கும்போது ஒருவர் எந்தச் சட்டப்பிரிவின்படி உண்மையைச் சொல்வது?