பயிற்சி முடிக்காதவன் ஓட்டிய ஜீப்

எனது தொழில் வாகனம் ஓட்டப் பழக்குவது. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் இந்தக் கரையில் ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்று வாய்க்கு வாய் சொல்லியே பாதி ஊரைப் பகைத்துக்கொண்டவன் நான். பிள்ளையை டியூசனுக்கு ஏற்றிப்போகக் கார் பழக வருகிற ஒரு ஆசிரியையை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். எழுத்துப் பரீட்சை எழுத வேண்டும். எல் போட் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடைசியில் பரிசோதகர் பக்கத்தில் உட்காரும்போது கண்ணாடியைப் பார்க்க மறந்தால் பெயில். அழுதுகொண்டு இறங்குவார்கள். எனக்கு இரக்கம் வராது. சனம் நடக்கிற வீதியில் ஒரு வண்டி இரும்பை இறக்குகிறவருக்கு அந்தக் கெடுபிடி வேண்டும்.

பொலிஸ் ஜீப் ஓட்டுகிறவருக்கு இதைவிடக் கூடுதலான பயிற்சியும் பரீட்சையும் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியவந்த விதம்தான் மோசமானது.

என் தங்கச்சியின் கணவர் மீன் வியாபாரி. விடியலில் சுபஹு தொழுதுவிட்டு ஒலுவில் துறைமுகத்துக்குப் போய், ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பெட்டியில் மீனையும் ஐசையும் நிறைத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்பார். ஐஸ் தண்ணீர் தளும்புகிற பெட்டியோடு வேகமாக ஓட முடியாது. வளைவில் பெட்டி ஆளையே இழுத்துப் போட்டுவிடும். மச்சான் ஆமை மாதிரித்தான் போவார். அதற்காக நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

ஒரு காலையில், ஒரு சந்தியில், குறுக்கு ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறிய பொலிஸ் ஜீப் ஒன்று அவரை அடித்தது. அது கள்ளனைத் துரத்தி வரவில்லை. ஜீப்பின் வழக்கமான சாரதி லீவு. காலைச் சாப்பாடு எடுக்க ஒரு இளம் கொன்ஸ்டபிள் சாவியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். முன் சீட்டில் பராட்டாப் பார்சல் இருந்ததாம். இதைச் சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லோருக்கும் சொன்னார், நீதிமன்றத்துக்கு மட்டும் சொல்லவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மச்சான் மௌத்தாகிவிட்டார். வெளியே வாங்குப் பலகையில் அவருடைய வாப்பா இருந்தார். பக்கத்தில் எங்கள் பள்ளிவாசல் தலைவரும், அந்த ஜீப்பின் பொலிஸ் நிலையத்துச் சார்ஜன் ஒருவரும் நின்றார்கள். சார்ஜன் மிகவும் மரியாதையானவர். கிழவருக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்திருந்தார். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில்தான் கதைத்தார்.

"பிரேதப் பரிசோதனை எண்டா தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். நாளைக்குத்தான் குடுப்பாங்க. வெட்டித்தான் பாப்பாங்க. சாவுல சந்தேகமில்ல எண்டு நீங்க ஒரு சொல்லு எழுதிக் குடுத்தா, மரண விசாரணை அதிகாரிக்கிட்ட நான் கதைக்கிறன். இண்டைக்குப் பின்னேரம் அஸருக்கு முந்தி அடக்கிரலாம்."

எங்களைத் தெரிந்த ஆள் அவர். எந்த இடத்தில் தொட்டால் நாங்கள் விழுவோம் என்று அவருக்குத் தெரியும். மையித்தைச் சுணங்காமல் அடக்குவது அதற்குச் செய்யும் மரியாதை. அதன் உடம்பைக் கீறுவது உயிரோடு இருப்பவரைக் கீறுவதற்குச் சமம். இப்படித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். ஆகவே எங்களில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்ப நினைக்கிறவன் பொய் சொல்லத் தேவையில்லை. நேரத்தை மட்டும் நினைவுபடுத்தினால் போதும்.

"கையெழுத்து வெக்காதீங்க மாமா. இடிச்ச ஆக்களே எழுதச் சொல்லுறாங்க, வெளங்கல்லயா?" என்றேன்.

பள்ளிவாசல் தலைவர் என் தோளைப் பிடித்தார். "மையித்த வெச்சிக்கிட்டு வழக்குக் கதைக்கிறதா தம்பி? அந்தப் பாவத்தத் தலையில ஏத்தாதீங்க."

அதற்குள் தங்கச்சி போனில் வந்தாள். அழுகைக்கு நடுவில் அண்ணனாகிய என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவர வெட்ட உட்றாதீங்க காக்கா. முழுசாக் கொண்டு வாங்க."

கிழவர் கையெழுத்து வைத்தார். பேனையைக் கொடுத்ததும் சார்ஜன்தான்.

மையித்தைக் குளிப்பாட்டும்போது நானும் தண்ணீர் ஊற்றினேன். வலது தொடையில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, குறுக்காக ஒரு கன்றிய கோடு இருந்தது. ஜீப்பின் பம்பர் வருகிற உயரம். பெட்டியோடு தானாக விழுந்தவருக்கு அப்படி ஒரு காயம் வராது என்பதைச் சொல்ல டொக்டர் தேவையில்லை. குளிப்பாட்டிய மூன்று பேரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மையித்தின் உடம்பில் கண்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது குளிப்பாட்டுகிறவர்களின் முறை. கபன் துணி கட்டினோம், கோடு மறைந்தது. அஸருக்கு முன் அடக்கிவிட்டோம். சந்தூக்கைத் தூக்கத் தோள் கொடுக்க ஊரே முண்டியடித்தது.

அடுத்த கிழமை பொலிஸ் அறிக்கை வந்தது. மச்சான் வேகமாக வந்தாராம். வீதியில் கிடந்த மணலில் வழுக்கித் தானாக விழுந்தாராம். அவ்வழியே வந்த ஜீப், விழுந்து கிடந்தவரை மனிதாபிமானத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதாம். என் வாழ்நாளில் இவ்வளவு அழகான பொய்யை நான் வாசித்ததில்லை.

தங்கச்சி அப்போது இத்தாவில், விதவை காக்கும் தனிமையில், இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வர முடியாது. அவளுடைய மகளுக்கு எட்டு வயது. வகுப்பில் ஒரு பிள்ளை அவளிடம், "ஒன்ட வாப்பாக்கு பைக் ஓடத் தெரியா, தானா விழுந்துதான் மௌத்தானவர்" என்று சொல்லியிருக்கிறது. அறிக்கையில் எழுதியது பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. தங்கச்சி என்னைக் கூப்பிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தபடி சொன்னாள்:

"அவரு தானா விழல்ல எண்டு கோர்ட்டில ஒராள் சொல்லணும் காக்கா. அவ்வளவுதான். எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

எனக்கு வேறு நிறைய வேண்டியிருந்தது. அந்தக் கொன்ஸ்டபிளின் வேலை போக வேண்டும், சார்ஜன் கூண்டில் நிற்க வேண்டும் என்றெல்லாம் நினைத்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

சாட்சி தேடிப் போனேன். சந்தூக்கைத் தூக்க முண்டியடித்த தோள்கள் எல்லாம் இப்போது சுருங்கிவிட்டன. சாப்பாட்டுக் கடைக்காரரின் கெமரா அன்றைக்கென்று வேலை செய்யவில்லையாம். தேநீர் குடித்துக்கொண்டே முழுவதையும் பார்த்த ஒருவர், ஓட்டோக்காரர், என்னிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "நான் சாட்சி சொன்னா நாளைக்கு எண்ட ஓட்டோவ ஒவ்வொரு சந்தியிலயும் மறிப்பாங்க. ஒங்கட மச்சான் சொர்க்கவாதி. அவருக்கு இந்தச் சாட்சி எதுக்கு?" எனக்கு வந்த கோபத்தில் அவருடைய ஓட்டோவை நானே கவிழ்த்திருப்பேன்.

கடைசியில் ஒரு சட்டத்தரணி கிடைத்தார். அதிகம் கதைக்காத பெண். என்னை ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"வழக்கமான ட்ரைவர் லீவு எண்டா, இவருக்கு ஓட்ட அனுமதி இருந்ததா?"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. சாதாரண லைசன் இருந்தால் மட்டும் ஒரு பொலிஸ்காரர் திணைக்கள வாகனத்தில் ஏறிவிட முடியாது. தனிப் பயிற்சி முடித்து, அதற்கான பரீட்சையில் தேறி, அனுமதி பெற்றிருக்க வேண்டும். அவசரமாக ஓடும்போதும் சந்தியில் மற்றவர்களைப் பாதுகாக்கப் பழக்குவதுதான் அந்தப் பயிற்சி. சட்டத்தரணி இதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. என் தொழில்தானே இது. பழகாதவனிடம் சாவியைக் கொடுத்தவனும் குற்றவாளி என்று நான் எத்தனை வாப்பாமாருக்கு ஏசியிருக்கிறேன்.

சட்டத்தரணி நீதவான் நீதிமன்றத்தில் போட்ட வழக்கின் விசாரணை நாளில் இத்தா முடிந்து தங்கச்சியும் வந்திருந்தாள். கறுப்பு அபாயாவோடு கடைசி வாங்கில் இருந்தாள். கொன்ஸ்டபிள் கூண்டில் ஏறினான். மீசை சரியாக முளைக்காத முகம். சட்டத்தரணி சுற்றி வளைக்கவில்லை.

"சாரதிப் பயிற்சிக்குப் போனீர்களா?"

"போனேன்."

"முடித்தீர்களா?"

அவன் சார்ஜனைப் பார்த்தான். சார்ஜன் கூரையைப் பார்த்தார்.

"இல்லை. இடையில் கடமைக்குத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள்."

நான் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் முகத்திரையைக் கொஞ்சம் உயர்த்தி மூச்சு விட்டாள். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் அவள் நிமிர்ந்து இருந்ததைக் கண்டேன். எங்களுடைய சந்தோஷம் அந்த அளவோடு முடிந்தது.

மறுபக்கத்துச் சட்டத்தரணி எழுந்தார். பயிற்சி முடிக்காதது ஒழுக்காற்று விஷயம், அதைத் திணைக்களம் பார்த்துக்கொள்ளும் என்றார். இந்த நீதிமன்றம் கேட்க வேண்டியது, ஜீப் மோதியதா இல்லையா என்பது மட்டுமே. மோதியதற்குச் சாட்சி எங்கே? பிரேதப் பரிசோதனை எங்கே? இறந்தவரின் தகப்பனே சந்தேகமில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறாரே. பழகாதவன் ஓட்டிய ஜீப்புக்குப் பக்கத்தில் ஒருவர் தானாக விழவே முடியாதா?

நான் கூண்டில் ஏறித் தொடையில் கண்ட கோட்டைச் சொன்னேன். நீங்கள் வைத்தியரா என்றார். இல்லை என்றேன். விதவையின் சகோதரனா என்றார். ஆம் என்றேன். இறங்கிப் போய் இருக்கலாம் என்றார். அவ்வளவுதான் என் சாட்சியம். குளிப்பாட்டிய மற்ற இருவரும் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்ற ஒருவர், சலாம் சொல்லிவிட்டு, "மையித்துட தொடையக் கோர்ட்டில கதைச்சீங்களாமே" என்றார். நான் செருப்பைக்கூடத் தேடாமல் வீட்டுக்கு நடந்தேன்.

விசாரணை நடந்த அன்றைக்கு நீதிமன்ற வளவில் வேப்பமரத்தடியில் நின்று சட்டத்தரணி எங்களிடம் சொன்னது இதுதான்:

"விதி நம்மட பக்கம் இரிக்கி. ஆனா விதி மட்டும் போதாது. காயம் வேணும். கபுரத் தோண்டச் சொல்லி உத்தரவு கேக்கலாம். எலும்பு முறிஞ்சிருந்தா எந்தப் பக்கத்தால, எந்த உயரத்துல எண்டு டொக்டர் சொல்லுவாரு. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

தங்கச்சி யோசிக்கவேயில்லை. "வேணாம்" என்றாள்.

"புள்ள, இதுதான் கடைசி வழி. அவரு தானா விழல்ல எண்டு சொல்லணும் எண்டியே" என்றேன்.

"ரோட்டில ஒருக்கா இடிச்சாங்க. கோர்ட்டில ஒருக்கா இடிச்சாங்க. மண்ணுக்குள்ள இரிக்கிறவரயும் உட மாட்டீங்களா?"

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. அன்றைக்கு வெட்ட விடாதே என்று சொன்னது நீதானே, இப்போது தோண்டவும் விடமாட்டேன் என்கிறாயே, அப்படியென்றால் அந்தக் கொன்ஸ்டபிளைக் காப்பாற்றுவது நீயா சார்ஜனா என்று சட்டத்தரணி முன்னாலேயே கேட்டேன். அவள் ஓட்டோ ஒன்றை மறித்துத் தனியாக ஏறிப் போனாள். அதன்பிறகு நோன்புப் பெருநாள் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

வழக்கு முடிந்தது. மோதியதற்குப் போதிய ஆதாரம் இல்லை. பயிற்சி முடிக்காமல் வாகனம் ஓட்டியது பாரதூரமான தவறு என்று நீதவான் கண்டித்து, திணைக்களம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். திணைக்களமும் எடுத்தது. கொன்ஸ்டபிளை மீண்டும் சாரதிப் பயிற்சிக்கு அனுப்பியது. மச்சானின் உயிருக்கு அரசாங்கம் விதித்த தண்டனை இதுதான்: அவன் ஒழுங்காக ஓட்டப் பழக வேண்டும்.

பழகினான். மாதங்கள் கழித்து ஒரு பின்நேரம், தங்கச்சியும் மகளும் நானும் துணிக்கடைக்குப் போக, வீதியைக் கடக்கும் மஞ்சள் கடவையில் நின்றோம். ஒரு லொறிக்குப் பின்னால் பொலிஸ் ஜீப் வந்தது. லொறி நிற்காமல் போனது. ஜீப் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கோட்டுக்கு முன்னால், அலுங்காமல் நின்றது. அவன்தான். மீசை முளைத்திருந்தது. வலது கண்ணாடியைப் பார்த்தான், இடது கண்ணாடியைப் பார்த்தான், கைபிரேக்கை இழுத்தான். பிறகு எங்களைக் கடக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். எங்களை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. என் தொழில் புத்தி நான் கேட்காமலே அவனுக்குப் புள்ளி போட்டது. ஒரு பிழையும் இல்லை. அப்போது அவனை நான் வெறுத்ததைப் போல முன்பு ஒருபோதும் வெறுத்ததில்லை.

நான் கடவையின் ஓரத்திலேயே நின்றேன். தங்கச்சி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் நடந்து மறுபக்கம் போனாள். நான் போய்ச் சேரும்வரை அந்த ஜீப் பொறுமையாக நின்றது. அது போன பிறகும் அவள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் பழக்கி அனுப்பியிருக்காங்க காக்கா," என்றாள். "அவரு மௌத்தாகாட்டி இவன இப்படிப் பழக்கியிருக்க மாட்டாங்க."